வயது என்ற சொல்லே வராமல் வயதைப் பார்க்கிறார்களா?

கேள்வி: எனக்கு வயது 53. ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போன ஆண்டு புதிய மேலாளர் வந்தார். அதிலிருந்து சில கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. புதிய மென்பொருள் பயிற்சிக்கு ஆறு பேரை அனுப்பினார்கள். எல்லோரும் முப்பதை ஒட்டிய வயதினர். என்னையும் 49 வயதான இன்னொருவரையும் மட்டும் விட்டுவிட்டார்கள். எப்போதும் நல்ல மதிப்பீடு வாங்கிய எனக்கு இந்த ஆண்டு 'மாற்றத்துக்கு ஏற்ற வேகம் இல்லை, புதிய மென்பொருளில் தேர்ச்சி போதாது' என்று எழுதியிருக்கிறார். மாத அறிக்கையில் ஒரு தொகையைத் தவறான தலைப்பில் போட்டுவிட்டேன் என்று எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இதே தவற்றை ஓர் இளைஞர் செய்தபோது வாயால் சொல்லியதோடு விட்டுவிட்டார்கள். 'ரிட்டயர் ஆனதும் என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று இரண்டு முறை எல்லார் முன்னாலும் கேட்டார். போன வாரம் மனிதவளத் துறையில் கூப்பிட்டு, 'நீங்களாகவே விலகிக்கொண்டால் ஒரு தொகை தருகிறோம், பத்து நாளில் பதில் சொல்லுங்கள்' என்றார்கள். மகன் 'இது பாகுபாடு, வழக்குப் போடு' என்கிறான். கணவர் 'காலம் மாறுகிறது, நீதான் எல்லாவற்றையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறாய்' என்கிறார். உண்மையிலேயே வயதுதான் காரணமா, இல்லை எனக்குத்தான் வேலை ஓடவில்லையா?

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்ற சொல்லை மின்னஞ்சலிலோ பேச்சுவாக்கிலோகூட விட்டுவிடாதீர்கள். 'திட்டத்தை எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவனம் உங்களை நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று விளக்க வேண்டிய நெருக்கடி நிறுவனத்துக்கு. நீங்களே எழுதிக்கொடுத்து விலகிவிட்டால், மனமொப்பி எழுதவில்லை, எழுதவைத்தார்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். நல்ல வழக்குகள் பல இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

இனி உங்கள் கேள்வி. தொழிலாளர் வழக்குகள் நடத்தும் என்னிடம் உங்கள் வயதில் வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். 'எனக்குத்தான் வேலை ஓடவில்லையோ' என்பது அவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. அதில் ஆச்சரியமில்லை. உலகில் இரண்டு பேரில் ஒருவர் வயதை வைத்து மற்றவர்களைக் குறைத்து மதிப்பிடும் மனப்போக்கு உள்ளவர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. சுற்றியிருப்பவர்களில் பாதிப் பேர் அப்படி நினைக்கும்போது, அந்த நினைப்பு நமக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சின்னத் தவறு நேர்ந்தாலும் 'வயசாயிடுச்சு' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

உங்கள் வயதைக் காரணம் காட்டி யாரும் கடிதம் கொடுக்கப்போவதில்லை. 'புது ரத்தம் வேண்டும்', 'டீமுக்குள் செட் ஆகவில்லை', 'எனர்ஜி குறைவு', 'ஓவர் குவாலிஃபைட்' என்றுதான் வரும். அதனால் சொற்களைத் துரத்திக்கொண்டு போனால் ஒன்றும் கையில் சிக்காது. பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: உங்களைப் போலவே வேலை செய்கிற, உங்களைப் போலவே தவறு செய்த, வயதில் மட்டும் இளையவரான ஒருவருக்கு இதே நடந்ததா? நடக்கவில்லை என்றால், வயதைத் தவிர அதற்கு வேறு நியாயமான காரணம் உண்டா? உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விக்கு உட்படுத்திப் பார்த்தேன். எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல.

ரிட்டயர்மெண்ட் பற்றிய கேள்விதான் உங்களை அதிகம் புண்படுத்தியிருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. சட்டத்தின் தராசில் தனியாக வைத்தால் அதுதான் லேசானது. அமெரிக்க நீதிமன்றங்கள், வேலை தொடர்பான முடிவோடு ஒட்டாத உதிரிப் பேச்சுக்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. பிற நாடுகளிலும் ஒரு கிண்டலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழக்கு நிற்காது. ஆனால் யார் கேட்டார், எப்போது கேட்டார் என்பதைப் பொறுத்து அதற்குக் கனம் கூடும். பக்கத்து மேசைக்காரர் கேட்டால் அது வம்பு. உங்கள் மதிப்பீட்டை எழுதுகிறவர், அதை எழுதுவதற்குச் சில வாரம் முன்பு கேட்டிருந்தால், அந்த மதிப்பீட்டை எழுதும்போது அவர் மனதில் என்ன ஓடியது என்பதற்கு அது சாட்சி. ஆகவே இரண்டு முறையும் எந்தத் தேதி, எந்தக் கூட்டம், யார் யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதிவையுங்கள்.

கூட்டங்களுக்கு அழைக்காதது இரண்டு பக்கமும் பேசும் விஷயம். புதிதாக வருகிற மேலாளர் தனக்கென்று ஒரு வட்டத்தை வைத்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான். அந்த 49 வயதுக்காரருக்கு அழைப்பு போகிறதா? அழைப்பு நின்றுபோன மற்றவர்களில் இளையவர்கள் உண்டா? உண்டு என்றால் இதை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பலவீனமான குற்றச்சாட்டு ஒன்றைச் சேர்த்தால் வலுவானதும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே கனமானது அதுதான். எட்டுப் பேர் இருக்கும் பிரிவில் ஆறு பேருக்குப் பயிற்சி. விடுபட்ட இருவரும்தான் அங்கே மூத்தவர்கள். பிறகு அதே மேலாளர், அதே மென்பொருளில் தேர்ச்சி போதாது என்று உங்கள் மதிப்பீட்டில் எழுதுகிறார். ஏணியை எடுத்துவிட்டு ஏன் மாடிக்கு வரவில்லை என்று கேட்பது போன்றது இது. வயதை வைத்து ஒதுக்குகிறவர்கள் 'இவருக்கு இனிமேல் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்' என்று தொடங்குகிறார்கள். சொல்லிக்கொடுக்காததால் தெரியாமல் போகிறது. 'பார்த்தீர்களா, தெரியவில்லை' என்று அதுவே ஆதாரமாகிறது. கெட்ட எண்ணமே இல்லாத மேலாளர்கள்கூட இந்தச் சுழலுக்குள் போய்விடுகிறார்கள். அவர் எண்ணம் நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சியில் நீங்கள் இறங்க வேண்டாம். அவரும் உங்கள் வயதுக்காரர் என்றாலும் இதில் ஒன்றும் மாறாது. இந்த முடிவு யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது போதும்.

இங்கேயும் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று யோசித்தாக வேண்டும். அந்த ஆறு பேரின் அன்றாட வேலைக்கு மட்டும்தான் அந்த மென்பொருள் தேவைப்பட்டதா? இரண்டாவது கட்டப் பயிற்சியில் உங்கள் பெயர் இருந்ததா? நீங்கள் எப்போதாவது 'எனக்கு இப்போது நேரமில்லை' என்று சொன்னீர்களா? மூன்றுக்கும் இல்லை என்பது பதிலானால் அவர்களிடம் நல்ல விளக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. பயிற்சி வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கேட்டதுண்டா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள். கொடுத்தால் உங்களுக்கு நல்லது. மறுத்தால் அந்த மறுப்பு ஓர் ஆவணம்.

அடுத்து மதிப்பீடு. கடைசி நான்கு ஆண்டு மதிப்பீடுகளையும் எடுத்து மேசையில் வரிசையாக விரித்து வையுங்கள். மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள், வாசகங்களைப் படியுங்கள். நேர்மையான மதிப்பீட்டில் சம்பவம் இருக்கும்: இந்த மாத முடிவுக் கணக்கு மூன்று நாள் தாமதம், இந்தத் தணிக்கைக் கேள்விக்குப் பதில் தரவில்லை என்று இருக்கும். வேறு ஏதோ காரணத்தை மறைக்க எழுதிய மதிப்பீட்டில் குணச்சித்திரம்தான் இருக்கும்: வேகம் இல்லை, துடிப்பு இல்லை, மாற்றத்துக்குத் தயாரில்லை. 'மாற்றத்துக்கு ஏற்ற வேகம் இல்லை' என்ற வரிக்கு அடியில் எந்த நாள், எந்த வேலை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் பென்சிலால் ஓர் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் ஏறுமுகமாகவோ சீராகவோ இருந்த ஒருவரின் மதிப்பீடு, வேலையில் எந்த மாற்றமும் இல்லாமல், ஆள் மாறியதும் சரிந்தால் எந்த நீதிபதியும் அந்த இடத்தில் நின்று கேள்வி கேட்பார்.

எச்சரிக்கைக் கடிதம் மேலே சொன்ன ஒப்பீட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரே தவறு, ஒருவருக்கு வாய்ச்சொல், இன்னொருவருக்குக் கடிதம். தொகை எவ்வளவு, அறிக்கை வெளியே போன பிறகு கண்டுபிடித்தார்களா, அதற்கு முன்பேயா என்ற விவரங்களில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் தவறு அறிக்கை மேலிடத்துக்குப் போன பிறகு தெரியவந்தது, அந்த இளைஞருடையது அதற்கு முன்பே பிடிபட்டது என்றால் நிறுவனம் அதையே பிடித்துக்கொள்ளும். அந்தத் தம்பியை இதில் இழுத்துவிடுகிறோமோ என்று தயங்காதீர்கள். அவர்மேல் நடவடிக்கை வேண்டும் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. அவருக்குக் காட்டிய நியாயத்தை எனக்கும் காட்டுங்கள் என்கிறீர்கள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், உங்கள் கணவர் சொல்வதுபோல நீங்கள் எதையும் ஊதிப் பெரிதாக்கவில்லை. தோழமையோடு சொல்கிறேன், நீங்கள் எழுதியது அத்தனையும் சரியானால், வயதுதான் காரணம் என்று சந்தேகிக்க வலுவான அடிப்படை இருக்கிறது. மகன் சொல்வதுபோல நாளைக்கே வழக்குப் போடும் நிலையிலும் நீங்கள் இல்லை. நடுவில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

ஒரு தடையை முன்கூட்டியே சொல்கிறேன். 'வயதைப் பார்க்கவில்லை, சம்பளச் செலவைத்தான் பார்த்தோம்' என்று நிறுவனம் சொல்லக்கூடும். 17 ஆண்டு அனுபவத்துக்கு ஏற்ற சம்பளம் வாங்குகிறவர் எப்போதுமே பட்டியலில் மேலே இருப்பார். பணி ஆண்டுகளும் வயதும் வேறு வேறு, ஒன்றை வைத்து முடிவெடுத்தால் அது தானாகவே மற்றதாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் ஹேசன் பேப்பர் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனிதவளத் துறையினருக்கு இந்த வாதம் மனப்பாடம். ஆனால் செலவுதான் காரணம் என்றால் ஏன் பயிற்சி மறுத்தார்கள், ஏன் மதிப்பீடு சரிந்தது, ஏன் ரிட்டயர்மெண்ட் கேள்வி வந்தது என்பதற்கெல்லாம் அந்த விளக்கம் ஈடுகொடுக்காது. நேரத்துக்கு ஒரு காரணம் சொன்னால் அது உங்களுக்குத்தான் சாதகம். அதனால் அவர்கள் சொல்கிற ஒவ்வொரு காரணத்தையும் சொன்ன தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டத்தின் பலம் அதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டம், 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் காக்கிறது. ஆனால் 2009க்குப் பிறகு, வயது இல்லாவிட்டால் இந்த முடிவே எடுக்கப்பட்டிருக்காது என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள், புகார் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இளையவர் மூத்தவர் எல்லோருக்கும் பொருந்தும். அங்கே நிறுவனம் தகுந்த நோக்கத்துக்காக அளவோடு செய்தோம் என்று நியாயப்படுத்தவும் இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2000ஆம் ஆண்டு ஆணையின்படி, பாகுபாட்டை ஊகிக்கப் போதுமான விவரங்களை நீங்கள் காட்டிவிட்டால், இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. உங்கள் பயிற்சிப் பட்டியல் மாதிரியான விவரம் அங்கே மிகவும் உதவும். ஆஸ்திரேலியாவில் 2004இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி ஓய்வுக்கு அனுப்பக்கூடாது.

இந்தியாவில்தான் நிலைமை கடினம். அரசுப் பணியில் இருந்தால் சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் உறுதிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 16ஆவது பிரிவுகளைப் பிடிக்கலாம். தனியார் நிறுவனத்தில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. ஆள்குறைப்பு என்றால் அதே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்திலிருந்து 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்புக்கும் வந்திருக்கிறது. 17 ஆண்டு பணியாற்றியவருக்கு அது பெரிய கவசம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதால், பதவிப் பெயரை விட்டுவிட்டு அன்றாடம் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று வழக்கறிஞரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

அந்தப் பத்து நாள் கெடுவையும் பார்க்க வேண்டும். வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால், 40 வயதோ அதற்கு மேலோ ஆன ஊழியருக்கு யோசிக்க 21 நாள், பலரை ஒன்றாக அனுப்பும் திட்டமானால் 45 நாள் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். குழுவாக அனுப்பும்போது யாரைத் தேர்ந்தார்கள், யாரை விட்டார்கள் என்று பதவியையும் வயதையும் பட்டியலிட்டுக் கொடுக்கவும் வேண்டும். உங்கள் நாட்டில் இப்படி விதி இல்லாமலிருக்கலாம். ஆனால் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்குவது எந்த நாட்டிலும் ஊழியரின் நன்மைக்காக இருப்பதில்லை. கூடுதல் நாள் கேட்பது உங்கள் உரிமை என்று நினைத்தே கேளுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்டால் கெடு நீளாது.

பதிவுகளைச் சேர்ப்பதில் ஓர் எச்சரிக்கை. உங்கள் மதிப்பீடுகள், எச்சரிக்கைக் கடிதம், உங்களுக்கு வந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் பிரதி வைத்துக்கொள்ள நிறுவன விதி அனுமதித்தால் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கணக்குக் கோப்புகளையோ சக ஊழியரின் ஆவணங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அதுவே உங்களை நீக்க நல்ல காரணமாகிவிடும், வயது பின்னால் போய்விடும். ரகசியமாக ஒலிப்பதிவு செய்வதும் சில நாடுகளில் குற்றம். வீட்டில் ஒரு நோட்டு போதும். தேதி, நேரம், இடம், சொன்னவர், அவர் சொன்ன சொல் அப்படியே, உடனிருந்தவர்கள். 'அவமானமாக இருந்தது' என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், நடந்ததோடு கலக்காதீர்கள். அந்த 49 வயதுக்காரரோடு அலுவலகத்துக்கு வெளியே ஒருமுறை பேசுங்கள். அவருக்கும் இதே திட்டம் வந்திருந்தால் உங்கள் இருவருடைய நிலையும் வலுக்கும்.

கடைசியாக, மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல். அதில் 'அநியாயம்', 'மரியாதைக் குறைவு' என்று மட்டும் எழுதினால் போதாது. வயது என்ற சொல் அதில் இருக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வயதுப் பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது தனியாகவே சட்ட மீறல். பொதுவான மனக்குறை எழுதியவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காமல் போகலாம். தனிச் சட்டம் இல்லாத இடத்திலும், ராஜினாமா என் விருப்பமில்லை என்று நாளோடு காட்டும் ஆவணம் அது. கோபமில்லாமல் இப்படி எழுதலாம்:

'விலகல் திட்டம் பற்றி இன்ன தேதியில் என்னிடம் பேசினீர்கள். அதன் நிபந்தனைகளை எழுத்தில் தரவும், படித்து ஆலோசிக்கக் கூடுதல் அவகாசம் தரவும் வேண்டுகிறேன். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. பணியில் தொடர விரும்புகிறேன். புதிய மென்பொருள் பயிற்சியில் பிரிவின் மூத்த இருவர் மட்டும் சேர்க்கப்படவில்லை. அதன்பின் அதே மென்பொருளில் தேர்ச்சி இல்லை என்று என் மதிப்பீட்டில் எழுதப்பட்டுள்ளது. இன்ன தேதிகளில் என் ஓய்வு பற்றிக் கூட்டத்தில் கேட்கப்பட்டது. இவற்றில் என் வயது ஒரு காரணமாக இருக்கிறது என்று கருதுகிறேன். இதை விசாரிக்கவும், அடுத்த பயிற்சியில் என்னைச் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்.'

இதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். மேலாளரின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பாவது அனுப்பிவிடுங்கள். அவர்கள் பதிலை எழுத்தில் அனுப்பாமல் நேரில் கூப்பிட்டுப் பேசினால், பேசி முடித்த அன்றைக்கே, என்ன பேசினோம் என்பதை நான்கு வரியில் எழுதி அவர்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள்.